எப்போது என்று படம் சொல்லாது

முழங்காலில் அடிபட்டு, எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள். ஆறுதல் சொல்வதற்காக எழுதவில்லை. அது என்னிடமே இல்லை. என் மகள் சுதா பக்கத்து அறையில் காலைத் தலையணை மேல் நீட்டிப் படுத்திருக்கிறாள். தையல் பிரித்தாகிவிட்டது, காயம் ஆறிவிட்டது. டாக்டர் திருப்தியாக இருக்கிறார். நான்தான் இன்னும் திருப்தியாக இல்லை.

நாங்கள் மந்தைவெளியில் இருக்கிறோம். நான் கோபாலபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. சுதா ஒரே பெண். போன ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் செய்தோம். மாப்பிள்ளை முரளி, தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்து, கடைக்குப் பின்னாலேயே மாடி வீடும் கட்டிக்கொண்டவர்கள். உழைப்பாளிகள். சம்பந்தி அம்மாள் விடியற்காலையில் எழுந்தால் இரவுவரை உட்காரமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எனக்கு அவரைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லத் தோன்றாமல் போகலாம்.

கல்யாணமாகி வந்த முதல் மழையில் அது நடந்தது. இருவரும் பெசன்ட் நகர் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சுதா புடவையில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தாள். அடையாறு பாலம் ஏறும் இடத்தில் வண்டி வழுக்கியது. விழப்போகிறோம் என்று தெரிந்ததும் அவள் காலைத் தரையில் ஊன்றினாள். கால் ஊன்றிய இடத்திலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் முருங்கைக்காயை ஒடித்தாற்போல ஒரு சத்தம் கேட்டது என்று சொன்னாள். முரளிக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி ஓட்டியவர் மாப்பிள்ளை என்பதால் அந்த விழுதலைப் பற்றி அந்த வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. அவரே பேசவில்லை.

அன்றிரவே கால் பூசணிக்காய் போல வீங்கியது. மறுநாள் பக்கத்து நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை. கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

நம் வீடுகளில் எக்ஸ்ரே ஃபிலிமுக்கு ஒரு மரியாதை உண்டு. மருத்துவரோடு அது முடிவதில்லை. பழுப்பு நிற உறையில் போட்டு பீரோ மேல் வைப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். சுதாவின் ஃபிலிமை அவளுடைய மாமியார் பார்த்தார், ஓரகத்தி பார்த்தார், கடைக்கு அண்டா வாங்க வந்த உறவுக்காரர் கூடப் பார்த்தார். பளிச்சென்று வெள்ளையாக இரண்டு எலும்புகள். சுத்தமான கால்.

தலை தீபாவளிக்கு இங்கே வந்தபோதுதான் நான் சரியாகப் பார்த்தேன். வீக்கம் வடிந்திருந்தது. ஆனால் படி இறங்கும்போது சுவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எண்ணெய் வைக்க மணையில் உட்காரச் சொன்னால் அவளால் முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து எண்ணெய் வைத்தேன்.

"என்னடி பண்ணுது?"

"வலி இல்லம்மா. திடீர்னு முட்டி விட்டுப் போகுது. எனக்குச் சொந்தமில்லாத மாதிரி."

"அங்கே சொன்னியா?"

"சொன்னேன். அத்தை ஃபிலிமை எடுத்துக் காட்டுறாங்க."

அந்த வீட்டில் சாப்பாடு தரையில், பூஜை தரையில், காய் நறுக்குவது தரையில். கழிப்பறையும் குந்தி உட்காரும் வகை. மாமியார் தரையில் உட்கார்ந்திருக்க மருமகள் நாற்காலியில் உட்காருவது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் போனில் சம்பந்தி அம்மாளே என்னிடம் சொன்னார்.

"மைனி, நான் குத்தமாச் சொல்லலை. படத்துல ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாவ. உங்க புள்ள மட்டும் இருக்குங்கா. வேல செய்யப் பிடிக்கலன்னா சொல்லிரச் சொல்லுங்க, நான் செஞ்சுட்டுப் போறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அது இன்னும் மோசம். ஒரு வீட்டில் புதிதாகப் போயிருக்கும் பெண்ணுக்கு 'நடிக்கிறாள்' என்று பெயர் விழுந்துவிட்டால், பிறகு அவள் உண்மையாகவே அழுதாலும் அது நடிப்புதான். நான் பயந்தது காலுக்காக இல்லை. அந்தப் பெயருக்காக.

பொங்கல் கழிந்து ஒருநாள் மாடியிலிருந்து பால் செம்போடு இறங்கியவள் பாதிப் படியில் விழுந்தாள். இந்த முறை கால் மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. நீட்டவே முடியவில்லை. முரளி ஆட்டோவில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும் அத்தை. கடையில ஸ்டாக் எடுக்கற நேரம்" என்றார். காபி கூடக் குடிக்கவில்லை.

அடையாறில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனோம். நீண்ட வராந்தா, ஓடாத மின்விசிறி, எல்லோர் மடியிலும் பழுப்பு உறை. எங்கள் முறை வந்ததும் டாக்டர் அந்த எக்ஸ்ரேயை ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு சுதாவைப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கைகளாலும் பிடித்து முன்னால் இழுத்தார். என் கண் முன்னால் கீழ்க்கால் எலும்பு மேசை இழுப்பறை மாதிரி முன்னால் வந்தது. மற்றக் காலையும் அப்படியே இழுத்துக் காட்டினார். அது அசையவில்லை.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னாங்களே டாக்டர்" என்றார் என் கணவர்.

"இருக்காது சார். எக்ஸ்ரே எலும்பைத்தான் பார்க்கும். வீட்டை போட்டோ எடுத்தா சுவர் தெரியும், உள்ள ஓடுற கரண்ட் வயர் தெரியுமா?"

எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் சில நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. நடுவில் இரண்டு நார்கள் பெருக்கல் குறிபோல ஒன்றன் குறுக்கே ஒன்று போகின்றன. முன்னால் இருப்பது அறுந்தால் கால் 'விட்டுப் போகும்'. இரண்டு எலும்புகளுக்கும் இடையில் குழாயின் வாஷர் போலப் பிறை வடிவில் குருத்தெலும்பு உண்டு. அது கிழிந்து புரண்டால் கால் பூட்டிக்கொள்ளும். நாரும் குருத்தெலும்பும் எக்ஸ்ரேயில் விழுவதில்லை. அவற்றைப் பார்க்க எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து, உடம்பில் இருக்கும் நீரைக்கொண்டே படம் வரைகிறார்கள். சென்னையில் சில இடங்களில்தான் அந்த இயந்திரம் இருக்கிறது. செலவு என் மூச்சை நிறுத்தியது. பி.எஃப். லோன் போட்டுவிட்டேன், அதைப் பற்றி அதற்கு மேல் பேச விரும்பவில்லை.

காந்தம் என்பதால் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. வளையல், மெட்டி, மூக்குத்தி. தாலிக்கொடி.

சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் அதைக் கழற்ற முடியாது. போன் செய்தேன். எதற்கு என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "கழட்டுததுன்னா என் முன்னாலதான் கழட்டணும். நான் வாரேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். கடையிலிருந்து கிளம்பமுடியாது என்று முரளி வரவில்லை. சம்பந்தி அம்மாள் மஞ்சள் தடவிய கயிற்றில் நல்ல முழு மஞ்சளாகப் பார்த்துக் கட்டி, சாமி முன்னால் வைத்து எடுத்து வந்திருந்தார். ஸ்கேன் அறைக்கு வெளியே திரைக்குப் பின்னால், முதலில் மஞ்சள் கயிற்றை அவர் கையாலேயே சுதாவின் கழுத்தில் கட்டினார். அதற்குப் பிறகுதான் தாலிக்கொடியைக் கழற்றினார். ஒரு நொடிகூடக் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது. கொடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கைக்குட்டையில் முடிந்து தன் பைக்குள் வைத்தார். முடிச்சு அவிழாமல் இருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

மூக்குத்தித் திருகு வரவில்லை. ஆயாம்மா ஒருத்தி தேங்காயெண்ணெய் கொண்டுவந்து போராடினாள். "இன்னா கண்ணு, உங்கம்மா வெல்டிங் வச்சு அனுப்சிட்டாங்களா? ஆடாம கீ... தோ வந்துச்சு பார்." சுதா சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

கதவை மூடினார்கள். நானும் சம்பந்தி அம்மாளும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். சுவருக்கு அந்தப்புறம் யாரோ தகரத்தைச் சுத்தியால் அடிப்பதுபோலச் சத்தம் வந்தது. நின்றது. வேறு தாளத்தில் மறுபடி வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய முணுமுணுத்தார். "ஒண்ணும் இருக்கக் கூடாது முருகா. புள்ளைக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது."

நானும் வேண்டிக்கொண்டேன். ஏதாவது இருக்க வேண்டும் என்று. பெரிதாக, எல்லோருக்கும் தெரிகிறமாதிரி, கிழிந்து இருக்க வேண்டும் என்று. பெற்றவள் அப்படி வேண்டிக்கொள்வாளா என்று கேட்டால், அந்த பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்றுமில்லை என்று வந்தால் என் மகள் ஆயுளுக்கும் பொய்க்காரி.

மறுநாள் மாலை அடையாறு டாக்டர் ஃபிலிம்களை வெளிச்சப் பெட்டியில் வரிசையாகச் செருகினார். சம்பந்தி அம்மாளும் வந்திருந்தார், முரளியும் வந்திருந்தார். ஒரு ஃபிலிமிலேயே சின்னச் சின்னதாகப் பல படங்கள். முழங்காலை ரொட்டி வெட்டுவதுபோல வெட்டி ஒவ்வொரு துண்டையும் காட்டுகிறார்கள். டாக்டர் பேனா முனையால் தொட்டார்.

"இந்த இடத்துல கறுப்பா ஒரு பட்டை கயிறு மாதிரி தெரியணும். இல்ல பாருங்க. நார் அறுந்திருக்கு. இது குருத்தெலும்பு. கிழிஞ்சு, வாளியோட கைப்பிடி மாதிரி புரண்டு நடுவுல வந்து மாட்டியிருக்கு. அதனாலதான் நீட்ட முடியல. ஆபரேஷன் பண்ணணும்."

எனக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. சுதா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணிலும் அதே. இரண்டு பேரும் பரீட்சையில் தேறியவர்களைப் போல உட்கார்ந்திருந்தோம். இனி யார் என்ன சொல்ல முடியும்?

சம்பந்தி அம்மாள் எழுந்து வெளிச்சப் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"டாக்டரய்யா, இது எப்பம் அறுந்ததுன்னு படத்துல தெரியுமா?"

"நார் அறுந்து மாசக்கணக்கு ஆயிருக்கும்மா. குருத்தெலும்பு சமீபத்துல புரண்டிருக்கு."

"எத்தன மாசம்?"

"நாள் நட்சத்திரமெல்லாம் படம் சொல்லாதும்மா. அடிபட்ட புதுசுல எடுத்திருந்தா, எலும்புக்குள்ள ரத்தம் கட்டின மாதிரி ஒரு நிழல் தெரியும். அதை வச்சு இப்பத்தான் பட்ட அடின்னு சொல்லலாம். கொஞ்ச மாசத்துல அது மறைஞ்சிடும். இப்ப இல்ல."

"அப்பம் கல்யாணத்துக்கு முன்னாலேயும் இருந்திருக்கலாம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்திருக்க வேண்டும். "வண்டியில விழுந்ததா சொன்னாங்களே. அதுதான் பொருந்துது" என்றார்.

"பள்ளிக்கூடத்துல ஓடி ஆடி கப்பு வாங்குன புள்ளன்னு பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீங்கதான சொன்னிய மைனி? ஷோகேஸுலகூட வச்சிருந்தியளே."

சொன்னேன்தான். பெருமையாகச் சொன்னேன். சுதா ஒன்பதாம் வகுப்பில் கோ-கோ விளையாடி வாங்கிய கோப்பை. அது இன்றும் ஷோகேஸில் இருக்கிறது.

நான் முரளியைப் பார்த்தேன். எல்லோரும் முரளியைத்தான் பார்த்தோம். மழை, பாலம், வண்டி, அவள் விழுந்தது எல்லாவற்றையும் பார்த்த ஒரே ஆள். அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் வெளிச்சப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்குப் பெருசா ஒண்ணும் விழலையேம்மா. லேசாத்தான் சறுக்கிச்சு."

சுதா மடங்கிய காலைக் கையால் தூக்கி, பரிசோதனை மேசையிலிருந்து இறக்கிவைத்தாள். அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதபோது பொய்க்காரியாக இருந்தவள், ஸ்கேனில் தெரிந்ததும் குறையை மறைத்துக் கட்டிவைக்கப்பட்ட பெண் ஆகிவிட்டாள்.

ஆபரேஷனை அடையாறு டாக்டரின் மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டோம். முழங்காலுக்குள் குழாய் வழியாக ஒரு சின்ன கேமராவை விட்டு, புரண்ட குருத்தெலும்பைச் சீர்செய்து, முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாரில் ஒரு பட்டையை எடுத்து, அறுந்த நார் இருந்த இடத்தில் வைத்து, இரண்டு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கினார்கள். கேட்பதற்குத் தச்சு வேலை போல இருக்கிறது. முடிந்து வெளியே வந்தபோது அவள் உதடு வெளுத்து, மயக்கத்திலேயே குளிருது குளிருது என்றாள்.

பொது வார்டில் ஜன்னலோரக் கட்டில். என் கணவர் தினமும் பஸ்ஸில் பிளாஸ்க் நிறைய ரசம் கொண்டுவந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அடுப்பைப் பற்றவைத்தது அந்த நாட்களில்தான். உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. சுதா ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. வீட்டில் பழைய பிரம்பு நாற்காலியின் நடுவை வட்டமாக அறுத்து, கழிப்பறையில் உட்காருவதற்குத் தோதாகச் செய்து, பிரம்பின் முனை குத்தாமலிருக்கச் சுற்றிலும் பழைய வேட்டியைச் சுற்றி வைத்திருந்தார். அதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோதுதான் பார்த்தோம். அன்று நான் குளியலறைக்குள் நின்று அழுதேன்.

முரளி வார்டுக்கு வந்தார். வராமல் இல்லை. ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. ஸ்டூலில் உட்கார்ந்து அவள் காலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார். நான் எழுந்து வராந்தாவுக்குப் போவேன். ஒருநாள் எழுந்திருப்பதற்குள் சுதா கேட்டுவிட்டாள்.

"எப்படி விழுந்தோம்னு உங்க அம்மாகிட்ட ஒரே ஒரு தடவை சொல்லுங்க."

"சொல்றேன் சுதா. இப்ப வேணாம். அம்மா மனசு கொஞ்சம் ஆறட்டும்."

"அவங்க மனசா?"

அவர் சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தார். நன்றாக, ஒரு நாருமில்லாமல் உரித்தார். கட்டிலோர அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதைத் தொடவில்லை. அடுத்த கட்டில் பாட்டியம்மாவின் மகள், "எவ்ளோ நல்ல வூட்டுக்காரரு" என்று என்னிடம் சொன்னாள். நான் தலையாட்டினேன்.

தாலிக்கொடியைப் பற்றி நான்தான் கேட்டேன். டிஸ்சார்ஜ் ஆன அன்று போன் செய்தேன்.

"எங்க போவுது மைனி? சாமி அலமாரியிலதான் இருக்கு. புள்ள நல்லா நடந்து வீட்டுக்கு வரட்டும். வந்த பொறவு நல்ல நாள் பாத்துப் போட்டுக்கிடலாம்."

"எப்ப வரட்டும்?"

"நல்லா நடக்கட்டும்" என்றார் மறுபடியும்.

நன்றாக நடப்பது என்றால் என்ன என்று டாக்டரிடம் கேட்டேன். ஊன்றுகோலை விட்டுவிடுவாள், படி ஏறுவாள், வேலைக்குப் போகலாம். தரையில் சம்மணமிட்டு உட்காருவதும் குந்துவதும் சந்தேகம்தான், வேண்டாம் என்றே சொல்வேன் என்றார். அந்த வீட்டின் தரையை நினைத்துக்கொண்டேன். அவர் சொல்லும் நன்றாக நடப்பதும் சம்பந்தி அம்மாள் சொல்லும் நன்றாக நடப்பதும் வேறு வேறு.

முரளியின் போன் முதலில் தினமும் வந்தது. பிறகு வெள்ளிக்கிழமைகளில். இப்போது வரும்போது வருகிறது. சுதா குளித்ததும் கழுத்திலிருக்கும் கயிற்றுக்கு மஞ்சள் பூசிக்கொள்கிறாள். அதில் கட்டிய மஞ்சள் காய்ந்து சுருங்கிவிட்டது. மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். அவங்க கட்டினது, அப்படியே இருக்கட்டும் என்றாள். அதில் கோபமா, நம்பிக்கையா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நேற்று மறுபரிசோதனைக்குப் போனோம். திருகாணிகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க எக்ஸ்ரே போதும் என்றார்கள். அதே மாதிரி பழுப்பு உறையைக் கையில் கொடுத்தார்கள். திரும்பும்போது ஆட்டோவில் சுதா ஃபிலிமை உருவி வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்தாள். எலும்புகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று இரண்டு திருகாணிகள், மரை வரையில் தெரிந்தன.

"இப்ப ஜன்னல்ல பிடிச்சா அத்தைக்கே தெரியும் இல்லம்மா?"

கேட்டுவிட்டு ஃபிலிமை உறைக்குள் செருகினாள். வண்டி அடையாறு பாலத்தை நெருங்கியது. அவள் சட்டென்று முன்னால் குனிந்து, "அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்றாள்.

ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். "இன்னாமா, இங்க எறங்கணுமா?"

"இல்ல. இங்கதான் நான் வண்டியில இருந்து விழுந்தேன். மழையில. அதுலதான் காலு போச்சு."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஊன்றுகோலைப் பார்த்தார். "ஆமாம்மா, இந்த ஏத்தம் மழைல ரொம்ப பேஜாரு. நானே ஒருவாட்டி வுயுந்துகீறேன்" என்றார். பிறகு பாலம் முழுவதும், குலுங்காமல், மெதுவாகவே ஓட்டினார்.

அவர் படம் எதையும் கேட்கவில்லை.